நீ நல்லதென்று சொன்ன வோட்கா

மச்சான்,

போன வாரம் என் மருமகன் போலந்துக்குப் போய்விட்டு வந்தான். பெட்டியிலிருந்து ஒரு வோட்கா புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே ஒற்றைப் புல் ஒன்று நெட்டுக்குத்தலாக நின்றது. மூடியைத் திருகியதும் வெயிலில் காய்ந்த புல்லின் இனிப்பு வாசம் கூடம் முழுக்கப் பரவியது. "கிளப்ல பார் பார்த்தவரு நீங்க. நீங்கதான் மாமா முதல்ல குடிச்சுச் சொல்லணும்" என்று கிளாசை நீட்டினான். வேண்டாமென்று கிளாசைத் தள்ளி வைத்தேன். வயசாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இந்தப் புல் வாசத்தை முதலில் எனக்குச் சொன்னவன் நீ. அது எழுபதுகளின் கடைசி. எஸ்டேட் துரைமார் கிளப்பில் மது ஊற்றிக் கொடுக்கும் பாரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தேயிலை பேக்டரியில் டீ மேக்கர். புதுத் தூளை ஊறவைத்து, சத்தமாக உறிஞ்சி, துப்பிவிட்டு, எந்த மலைச்சரிவின் கொழுந்து, எத்தனை நிமிடம் கூடுதலாகக் காய்ந்தது என்று சொல்லிவிடுவாய். அந்த நாக்கை நம்பித்தான் எஸ்டேட்டே ஓடுகிறது என்று மேனேஜர் துரை சொல்வார்.

அவர் லீவுக்குப் போய் வரும்போதெல்லாம் நல்ல வோட்காவாகத் தேடி வாங்கி வருவார். ஒருநாள் மத்தியானம், கிளப்பில் ஆளில்லாத நேரம், உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான்கு சின்னக் கிளாசில் ஊற்றி, புட்டிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைக்கச் சொன்னார். வோட்காவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, இதில் நீ என்ன கண்டுபிடிக்கப்போகிறாய் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நீ முதல் கிளாசை மூக்கருகே கொண்டுபோனாய். "இது தானியம். ரொட்டி ஓரம் லேசா கருகின மாதிரி." இரண்டாவது. "இது கிழங்கு. மழை விட்டதும் கியா பார்ம் காய்கறித் தோட்டத்துல தோண்டுவாங்களே, அந்த மண்ணு. நாக்குல வெண்ணெய் மாதிரி உக்காருது." மூன்றாவதை வாயில் வெகுநேரம் வைத்திருந்தாய். "புல்லு. காய்ஞ்ச புல்லு. யாரோ உள்ள போட்டு ஊற வச்சிருக்காங்க." நான்காவதை முகர்ந்ததுமே கீழே வைத்துவிட்டாய். "இது நாளைக்குத் தலைவலி." அது நாங்கள் ஆரஞ்சு ஜூஸில் கலக்கிக் கொடுக்கும் மட்டமான சரக்கு. துரை புட்டிகளை எடுத்துப் பார்த்துவிட்டு உன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

அதற்குப் பிறகு அது நம் மூவரின் விளையாட்டாகிவிட்டது. புதிதாக ஒரு புட்டி வந்தால் உனக்கு ஆள் போகும். நல்ல சரக்கை ஐஸ் போட்டுக் கெடுக்கக்கூடாது, நம் மலைக்குளிரே போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். "தொண்டையில எரியக்கூடாது மச்சான். கதவைத் தட்டிட்டு உள்ள வரணும்" என்பாய். உன் பேர் மலை முழுக்கப் பரவியது. நம்ம டீ மேக்கர் நாக்குக்கு முன்னால் எதுவும் ஒளிய முடியாது என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ரிங்லெட் ரோட்டு வளைவில் உன் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. பின்மண்டையில் பதினோரு தையல். ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாய். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன்.

உனக்கென்று துரை ஒரு பின்லாந்து புட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நீ வந்தபோது அவசரத்தில் நான் பக்கத்திலிருந்த மட்டச் சரக்கை மாற்றி ஊற்றிவிட்டேன். நீ கண்ணை மூடிக் குடித்தாய். "அருமை. ரொட்டி ஓரம் மாதிரி."

"டேய், இது அந்தத் தலைவலிச் சரக்குடா" என்று புட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அந்த அடிக்கப்புறம் மூணு மாசமா எந்த வாசமும் வரல மச்சான். மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான்."

"அப்ப பேக்டரியில?"

"நிறத்தைப் பார்ப்பேன். கையில உருட்டிப் பார்ப்பேன். சத்தமா உறிஞ்சித் துப்பினா எல்லாரும் நம்பிடறாங்க."

"துரைகிட்ட சொல்லிடு லா."

"சொன்னா குவாட்டர்ஸைக் காலி பண்ணணும். பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு எங்க போவேன்? நீ யாருகிட்டயும் மூச்சு விடாத."

நான் விடவில்லை. உன் நாக்கைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் நானும் கூடச்சேர்ந்து தலையாட்டினேன்.

கங்காணி சுப்பையா மகளின் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி முடிந்தது. பந்தலில் இலை போடுவதற்கு முன், ஈப்போவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகளைப் பின்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். திரிங்காப் ஊரில் காய்கறி ஏற்றும் லோரிக்காரன் ஆறு புட்டி கொண்டுவந்து இறக்கினான். எல்லாம் வெளிநாட்டு லேபிள். வெள்ளையாக, கண்ணாடித் தண்ணீர் மாதிரி.

"கீழே ஒரு எஸ்டேட்ல சம்சு, அந்தக் கள்ளச்சாராயம் குடிச்சு ஆளு செத்துட்டாங்களாமே. இது அந்த மாதிரி இல்லையே?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்.

லோரிக்காரன், "லேபிளைப் பாருங்கண்ணே, துரைமார் குடிக்கிற சரக்கு" என்றான்.

சுப்பையா உன்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நம்ம டீ மேக்கர் எதுக்கு இருக்காரு? அவரு சொல்லட்டும். அவரு சரின்னா சரி."

பத்துப் பதினைந்து பேர் உன்னையே பார்த்தார்கள். கிளாஸ் உன் கைக்கு வந்தது. நீ ஒரு தடவை என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ முகர்ந்தாய், வாயில் வைத்துப் புரட்டினாய், விழுங்கினாய்.

"நல்ல சரக்கு. தாராளமா குடிங்க."

கை தட்டினார்கள். எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். பன்னிரண்டு மணிக்குக் கிளப்பில் சாப்பாட்டு டியூட்டி இருக்கிறது என்று சொல்லி நான் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை உன் வீட்டுப் பக்கம் வந்தேன். வாசலில் நின்று கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டாய்.

"என்ன மச்சான், இன்னைக்கு இவ்வளவு பனி? விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சு, கொஞ்சங்கூட விலகலயே."

மலை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கூடையைக்கூட என்னால் எண்ண முடிந்தது. உன் நிழல் சிமெண்டுத் தரையில் கருப்பாக விழுந்து கிடந்தது. அதற்குள் லயத்திலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

எஸ்டேட் வேனில் உங்கள் எல்லாரையும் மலையடிவாரத்துத் தாப்பா ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். சுப்பையாவின் தம்பி வழியிலேயே போய்விட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா அன்று மாலை. போலீஸ் ஸ்டேஷன் மேசையில் ஆறு புட்டியும் வரிசையாக நின்றன. ஒன்றின் லேபிளில் மெல்லிய நீலக்கோடு. புட்டியில் எவ்வளவு மிச்சம் என்று தெரிய தினமும் நான் பேனாவால் போடும் கோடு அது. கிளப்பின் காலிப் புட்டிகளை மாதாமாதம் அந்த லோரிக்காரனிடம் அள்ளிக் கொடுத்தவன் நான்தான். அவற்றில் சம்சுவை நிரப்பி விற்றிருக்கிறான். அதைப் போலீசிடம் சொன்னேன். அவன் ஜெயிலுக்குப் போனான், எனக்குக் கிளப் வேலை போனது. உன் மூக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் கண் திறந்தே இருந்தது, எதையும் பார்க்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்தாய்.

"நீயும் பக்கத்துலதான நின்ன. உனக்கு ஏதாச்சும் வாசம் அடிச்சுதா?"

"இல்ல மச்சான். ஒண்ணும் அடிக்கல."

உன் பிடி தளர்ந்தது. அன்று சாயங்காலம் நீ போய்விட்டாய். இந்த விஷத்தை நாக்காலோ மூக்காலோ நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எஸ்டேட் அதைப் பிடித்துக்கொண்டது. அந்த நாக்கையே ஏமாற்றிய விஷம் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். துரை உன் மனைவிக்கு வேலை போட்டுக் கொடுத்தார். குவாட்டர்ஸைப் பிடுங்கவில்லை.

மருமகன் அந்தப் புட்டியைக் கொண்டுவந்த மறுநாள் நான் உன் மனைவியைப் பார்க்கப் போனேன். இத்தனை வருஷம் கழித்து, உனக்கு வாசமே தெரியாமல் இருந்ததைச் சொன்னேன். தங்கச்சி அழவில்லை.

"எனக்குத் தெரியும்ண்ணே. சோறு அடிப்பிடிச்சு வீடே நாறுச்சு, அவரு உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. அன்னைக்குப் பந்தல்ல நானும் பொம்பளைங்க பக்கம் நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். ஓடிப் போயி கிளாசைத் தட்டிவிடணும்னு இருந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி அவரு மானம் போயிடுமேன்னு நின்னுட்டேன்."

பாதியைத்தான் சொல்லிவிட்டு வந்தேன். மீதியை உனக்குச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய். லோரிக்காரன் மூடியைத் திருகியபோது நான் அவன் தோளை ஒட்டி நின்றேன். வாசம் அடித்தது மச்சான். பெயிண்ட் டின்னைத் திறந்த மாதிரி, ஒரே ஒரு நொடி. இது ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிளாஸ் உன் கைக்குப் போய்விட்டது. நீ நல்லதென்றாய். உன் மூக்குக்கு வாசம் திரும்பிவிட்டதோ என்னவோ என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அந்தக் கிளாசைத் தொடாமல் தப்பத்தான் டியூட்டி இருப்பதாகச் சொன்னேன்.

போன வருஷம் மகள் புது வீடு வாங்கினாள். உள்ளே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், வாசம் எதிர்ப்பக்கம் நின்ற என்வரை வந்தது. வாங்கப்பா, வந்து பாருங்க என்று வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் ரோட்டைத் தாண்டவில்லை.