சாட்சி சொன்ன பிறகு கிடைத்த ரிப்போர்ட்

தேனி,
ஜூலை 18

அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். புனேயில் நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய். அதை நம்ப முடியாமல் எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறக்குமுன் "நல்லா இருக்கேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய்.

இந்த வருஷம் காற்று பேயாய் அடிக்கிறது. கடை போர்டு இரண்டு தடவை சரிந்துவிட்டது. பெயிண்ட் வியாபாரம் மந்தம். அம்மா முழங்கால் வலியோடு என்னையும் ஏசிக்கொண்டு நடமாடுகிறாள்.

செவ்வாயன்று சரக்கு எடுக்க மதுரைக்குப் போனவன், உன் பெருங்குடல் புண்ணுக்குப் பார்த்த ஆஸ்பத்திரியிலும் நுழைந்தேன். பிப்ரவரியில் கேமரா விட்டுப் பார்த்தபோது குடலில் கிள்ளி எடுத்தார்களே, அந்தச் சதையின் ரிப்போர்ட் ஐந்து மாதமாக அங்கேயே கிடக்கிறது. இரண்டு தடவை போன் செய்து கூப்பிட்டார்கள். "எங்க புள்ளைக்குக் கொணமாயிருச்சுங்க" என்று பெருமையடித்துப் போனை வைத்தவன் நான்தான்.

டாக்டரம்மா படித்துச் சொன்னார். கேமராவில் குடல் ஆறித் தெரிந்தது உண்மைதான். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சதைக்குள் அழற்சி அடங்கவில்லையாம். அப்படி இருப்பவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு அதிகமாம். ஈரம் இறங்கிய சுவரில் புதுப் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என் பிள்ளை விஷயத்தில் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன்.

நீ மாத்திரை சாப்பிடுவதில்லை என்றதும், நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். ஈஸ்டர் ஆராதனையில் உன்னைப் பக்கத்தில் நிறுத்தி, கர்த்தர் பூரண சுகம் தந்தார் என்று சாட்சி சொன்னேன். மீதி மாத்திரை அட்டைகளைக் காணிக்கைத் தட்டில் வைத்தேன். சபையே அல்லேலூயா சொன்னது. இனி மாத்திரை சாப்பிட்டால் அது அவிசுவாசம் என்று வீட்டில் உன்னிடம் சொன்னதும் நான்தான். கர்த்தர் அப்படி எதுவும் கேட்கவில்லை.

ஜூனில் நீ வந்திருந்த நான்கு நாளும் இப்போது மனசை அறுக்கிறது. பாடகர் குழுவில் நிற்காமல் கோயில் கதவோரம் உட்கார்ந்தாய். பிரசங்கத்துக்கு நடுவே இரண்டு தடவை எழுந்து போனாய். கறிக்குழம்பைத் தொடவில்லை. "ஏங்க, புள்ள வெளிறிப்போய்க் கெடக்கா" என்று அம்மா சொன்னதற்கு, சுகம் பெற்ற பிள்ளையை அப்படிச் சொல்லாதே என்று அதட்டினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

டாக்டரம்மா எழுதித் தந்த மாத்திரையும் ரிப்போர்ட் நகலும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. இன்றைக்கே ஆரம்பி. இரத்தம் போனால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, உடனே வந்து காட்ட வேண்டும் என்றார்.

போகிறதா, ஜாய்ஸ்? எத்தனை நாளாக? அப்பா சொன்ன சாட்சி பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் மறைக்கிறாயா?

சபைக்கு முன்னால் நான் பொய்யனாக நின்றுகொள்கிறேன். அதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கர்த்தர் வழியெல்லாம் உன்னைக் காக்கட்டும். என்னைத் திட்டிக்கொண்டே வா, ஆத்தா. வந்துவிடு.

உன் அப்பா,
ஞானசிகாமணி