அழிக்காமல் விட்ட கசெற்றுகள்

அயல்வீட்டுக் கலியாணத்துக்கு ஜெனறேற்றர் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்ப் புகை யன்னலால் உள்ளே வந்தது. உனக்கு எழுத இத்தனை வருடம் துணியாதவன், பேனையைக் கையில் எடுத்துவிட்டேன்.

எண்பத்தாறில் நீ றேடியோ திருத்துகிறவன். நான் எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்து வாத்தியார். யாழ்ப்பாணத்துக்கு வள்ளம் ஓடாத நாட்களில் பேப்பரும் வராது. வாசிகசாலையின் பின்னறையில் ஒரு வீடியோ டெக்கையும் பழைய கமெராவையும் மண்ணெண்ணெய் ஜெனறேற்றரையும் வைத்துக்கொண்டு, பனைகளில் வயர் கட்டி, தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளுக்கெல்லாம் படம் அனுப்பினாய். ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம். “எங்கடை ரீவி” என்றுதான் சனம் சொல்லும். நான் செய்தி வாசிப்பேன்: யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வள்ளம் பழுது, சங்கக்கடைக்குக் கோதுமை மா எப்போது வரும். கரப்பந்தாட்டப் போட்டியைக் காட்டிய அன்று, மகன் பந்தடிப்பதைக் கண்ட பொன்னக்கா எழுந்துபோய் ரீவிக் கண்ணாடியில் அவன் முகத்தைக் கொஞ்சினா. நீ அதை ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

தொண்ணூறில் பக்கத்துத் தீவில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் என் வீட்டுக்கு ஓடிவந்தாய்.

“மச்சான், கசெற்றுகளை எரிச்சுப் போடுவம். ஊர்ப் பொடியள் எல்லாற்றை முகமும் அதுக்கை கிடக்கு.”

“உனக்கென்ன விசரே? எங்கடை சனத்தின்ரை படம் வேறை எங்கை கிடக்கு? எரிச்சால் திருப்பி எடுக்கேலுமே?”

“ஓம், படிச்சவன் நீ சொல்லுறாய்” என்று போய்க் கசெற்றுகள் இருந்த அலுமாரியைப் பூட்டினாய்.

நாலாம் நாள் அவர்கள் துவக்குகளோடு வந்து இறங்கினார்கள். அலுமாரியை உடைத்தார்கள். உன்னைக்கொண்டே ஜெனறேற்றரை இயக்கி, ஒவ்வொரு கசெற்றாகப் போடவைத்தார்கள். கை காட்டிய இடத்தில் படத்தை நிறுத்த வேண்டும். “ஆரெண்டு தெரியாது” என்று ஒவ்வொரு முகத்துக்கும் சொன்னாயாம். அதற்கு உன் முன்பற்கள் இரண்டும் போயின. அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. முகமே போதும். கரப்பந்தாட்டக் கோஷ்டியில் அகப்பட்ட பொடியள் அத்தனை பேரையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். பொன்னக்காவின் மகனும் போனான். ஒருவரும் திரும்பி வரவில்லை. கசெற்றுகளும் அவர்களோடு போய்விட்டன.

அடுத்த நாள் பொன்னக்கா உன் படலையில் நின்று மண்ணை அள்ளி எறிந்தா. “படம் போட்டுக் காட்டி என்ரை பிள்ளையைக் குடுத்திட்டியேடா.” அவவுக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. அந்தச் சனத்துக்குள் நானும் நின்றேன். வீங்கிய வாயோடு நீ என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்தாய். எனக்குப் பயம். சனம் என் பக்கம் திரும்பிவிடும் என்ற பயம். மெல்ல விலகி வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்தேன்.

கிழமை முடிய முன்னம் நீ தீவைவிட்டுப் போனாய். பிறகு வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இறந்தாய் என்று கடிதம் வந்தது. செத்தவீட்டுக்கும் நான் போகவில்லை.

போன மாதம் பொன்னக்கா என்னிடம் வந்தா. கண் சரியாகத் தெரியாது இப்போது. “மாஸ்ரர், அந்த ரீவிப் படம் ஏதும் எங்கையாவது மிஞ்சிக் கிடக்கே? அவன் நடக்கிறதை ஒருக்காப் பாக்கவேணும் போலை கிடக்கு.”

அப்போதுதான் சொன்னேன். “அக்கா, படம் போட்டவன் அதுகளை எரிக்கத்தான் நிண்டவன். வேண்டாமெண்டு மறிச்சது நான்.”

அவ அழவில்லை, ஏசவும் இல்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினா.

“இதை அவன் இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே, தம்பி.”

தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டா. மாஸ்ரர் என்று அழைத்துக்கொண்டு வந்தவ, போகும்போது தம்பி என்றா. அந்த இரக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.