வெளிவளைவில் ஒரு வீடு

ஜூன் 9
கொய்யா மரமும் ஆற்றில் சாய்ந்துவிட்டது. பின்னறைச் சுவருக்கும் கரைக்கும் நடுவே இனி ஓர் ஆள் படுக்கும் இடம்தான்.

ஆறு வெளிவளைவை அறுக்கும், உள்வளைவில் மண்ணைப் படியவைக்கும். கல்லூரியில் வருடாவருடம் நானே நடத்தும் பாடம். ஆற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. எதிர்க்கரையில் இருக்கும் என் தம்பி கருங்கல்லைக் கொட்டி, தண்ணீருக்குள் மூக்குப் போல நீட்டி, நீரோட்டத்தை என் பக்கம் திருப்பியிருக்கிறானே, அது எந்தப் பாடத்தில் இருக்கிறது? மேலிருந்து வரும் வண்டலெல்லாம் அந்த மூக்குக்குப் பின்னால் மேடாகிறது. கத்தரி நட்டிருக்கிறான்.

ஜூன் 14
டீக்கடையில் எல்லோர் முன்பும் சொன்னானாம்: "அண்ணனுக்கு அரிப்பு கரையில இல்ல, மனசுல." கடையே சிரித்ததாம். இனி அங்கே டீ இல்லை.

ஜூன் 15
வேறு கடை. கழுநீர்.

ஜூன் 27
லாரி நிறையக் கல்லோடு வந்து நின்றான். "அண்ணே, மழைக்குள்ள கொட்டிருவோம்."

கொட்டும் முறையே தப்பு. மேலே கொட்டினால் ஆறு அடியில் குடையும். கல்லும் கரையும் சேர்ந்து இறங்கும். சொன்னேன்.

"சரிண்ணே, அடியிலேயே போடுவோம். எங்கன்னு காட்டு."

முதலில் ஆற்றுக்குள் இருக்கும் உன் கல்லை எடு என்றேன்.

"எடுத்தா வெள்ளத்துல என் வீடு போயிரும்ண்ணே, எங்க பக்கம் பள்ளம்."

என் வீடு மட்டும் என்ன, அட்டையில் கட்டியதா? லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

"இது படிப்பா, வீம்பா?" என்று கேட்டாள் மனைவி.

படிப்புதான்.

ஜூலை 2
மழை.

ஜூலை 4
மழை விடவில்லை. பின்னறைத் தரை வெடித்திருக்கிறது, விரல் போகிறது. அவள் தனியாகக் கட்டிலை முன்னறைக்கு இழுத்தாள். "எங்கயும் போகாது, சும்மா இருடி!" என்று கத்தினேன். யாரைப் பார்த்து — அவளையா, ஆற்றையா?

ஜூலை 7
பின்னறை இல்லை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போயிற்று. தம்பிதான் வந்து சாமான்களைத் தூக்கினான். "தள்ளி நில்லுண்ணே!" என்று அதட்டல் வேறு. என் வீட்டில், என்னை!

ஆகஸ்ட் 1
மிச்ச வீட்டிலும் விரிசல். மனைவி தம்பி வீட்டில் இருக்கிறாள். "உங்களுக்கும் மாடி ரூமைக் காலி பண்ணி வச்சிருக்காரு, வாங்க" என்கிறாள். போகமாட்டேன். வாடகை அறை போதும்.

இன்று ஆற்று வளைவுப் பாடம். பலகையில் வளைவை வரைந்தேன். முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்: "சார், வெளிப்பக்கம் வீடு இருந்தா என்ன பண்ணுவாங்க?"

அடியில் கல் போடுவார்கள் என்றேன். யார் கொண்டுவந்தாலும்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.