காது இல்லாத வண்டி

டீச்சரம்மாவுக்கு,

முட்டை வேகவைத்து மூடி வைத்திருக்கிறது. வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல். உன் வீட்டு இன்ஜின் நிபுணர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்.

நேற்று என்ன பேச்சுப் பேசினார்! "ஆக்டேன் கூடின ஒசத்தி பெட்ரோல் போட்டிருக்கேன். இன்ஜின் பழகிட்டா பறக்கும்." ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று நீ சொன்னதும், "வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று எகிறினார்.

இன்று நீ அரைநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும், மெக்கானிக்கிடமும் போய்ப் பீற்றிக்கொண்டார். அவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "புது வண்டின்னா இன்ஜின் தட்டுற சத்தத்தக் கேக்க ஒரு சென்சார் இருக்கும் சார். அதை வச்சுத்தான் பெட்ரோலுக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கும். உங்க வண்டிக்கு அந்தக் காதே கிடையாது. எதை ஊத்தினாலும் இப்படித்தான் ஓடும்."

காது இல்லாத பழசு இந்த வீட்டில் இரண்டு இருப்பது, திரும்பி வரும்போதுதான் நிபுணருக்கு உறைத்தது.

உன் தம்பி மதியம் வருவான். அவனிடம் மூச்சு விடாதே. நிபுணர் பேச்சைக் கேட்டு அவனும் தன் ஓட்டை வண்டியில் அதையே ஊற்றிவிட்டு, பறக்குது பறக்குது என்கிறான்.

பி.கு.: நேற்று உன்னிடம் எகிறியது நிபுணர் இல்லை, நான்தான். சாயங்காலம் வெளியே போகலாம், நீ ஓட்டு. நான் வாயைத் திறக்கமாட்டேன்.