காதைத் தொட்டாள் உன் மகள்

என் கண்ணே மாலதி,

உன் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அங்கேயும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கள்ளக்குறிச்சியில் பாதி ஊர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. மலைப் பக்கம் நல்ல மழையாம், மண்டபத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

நீ போன பிறகு நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. பாதி துக்கம், பாதி பயம். ரைஸ்மில் வீட்டு மூத்த மருமகள் என்ற பெயருக்கு ஏற்றபடி உடுத்த எனக்கு எங்கே தெரியும்? கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொள்வேன். நீ இளைய மருமகளாக வந்த புதிதில், தியாகதுருகம் கல்யாணத்துக்கு நான் புறப்பட்டு நின்ற கோலத்தைப் பார்த்து, "இன்னாக்கா, கல்யாணத்துக்குப் போறீங்களா, தேர்ல ஏறப் போறீங்களா?" என்றாயே. கோபம்தான் வந்தது. அப்புறம் சிரித்துவிட்டுக் காசு மாலையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"பொண்ணு கழுத்த விட நம்ம கழுத்து ஜாஸ்தியா மின்னக் கூடாதுக்கா. அது அவங்க வூட்டு நாளு." இதுதான் உன் சட்டம். அன்றிலிருந்து எந்த மண்டபத்திலும் நீ எனக்கு எதிர்வரிசையில் உட்காருவாய். காதைத் தொட்டால் நான் ஒன்றைக் கழற்ற வேண்டும். மூக்குத்தியைத் தொட்டால் எல்லாம் சரி. ஓர்ப்படிகள் என்றால் எலியும் பூனையும் என்று நினைக்கிற ஊருக்கு நம் ஜாடை எங்கே புரியும்?

இந்த முறை உன் இடத்தில் நான் நிற்க வேண்டும். தாயில்லாப் பெண் கல்யாணம் என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. அந்தப் பதற்றத்தில் அரக்குப் பட்டு, காசு மாலை, ஒட்டியாணம், இரண்டு கைக்கும் வங்கி. கண்ணாடி சரி என்றது. கண்ணாடிக்கு என்ன தெரியும்?

மணவறையில் உட்கார்ந்திருந்த கவிதா மாலைக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மெதுவாகக் காதைத் தொட்டாள். அந்த மண்டபங்களில் என் மடியில் உட்கார்ந்து லட்டு தின்ற பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அறைக்கு ஓடி ஒட்டியாணத்தைக் கழற்றினேன். திரும்பி வந்தால் மறுபடியும் காது. வங்கிகளும் போயின. மறுபடியும் காது. "பொண்ணுக்குக் காது வலியாங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "தோடு கொஞ்சம் கனமுங்க" என்று சமாளித்துவிட்டுக் காசு மாலையைக் கழற்ற ஓடினேன்.

தாலிச் சங்கிலியும் நீ வாங்கித் தந்த முத்துச்சரமுமாக வந்து நின்றபோது கெட்டிமேளம் கொட்டப் போகிற நேரம். தலையைக் குனிவதற்கு முன்னால் அவள் என்னைப் பார்த்து மூக்குத்தியைத் தொட்டாள். உன் மூக்குத்திதான், மாலதி. ஊரே பார்க்க அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

புகுந்த வீட்டுக்கு, வடக்கனந்தலுக்கு வண்டி ஏறும்போது, "ஆவணியில எங்க நாத்தனாருக்குக் கல்யாணம் பெரிம்மா. வந்துடுங்க, எதிர்லயே உக்காந்துக்கினு இருப்பேன்" என்றாள்.

போவேன். இனி ஒரு விசேஷத்தையும் விட மாட்டேன், இது உன்மேல் சத்தியம். காசு மாலையையும் விட மாட்டேன், மாட்டிக்கொண்டுதான் போவேன். கழற்றச் சொல்லத்தான் ஆள் இருக்கிறதே.

உன் மூத்த ஓர்ப்படி, உன் மகளுக்குப் பெரியம்மா,
சரோஜா அக்கா