எட்டாவது வரி

17-1-89
பொங்கல் லீவு முடிந்தது. ஏரி மதகில் மோட்டார் வைத்து, கரையோர ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்து மூன்று மாதமாகிறது. திட்டத்தை நடத்தும் ராஜாராம் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ அந்தப் பெட்டி உறுமினாலே பயம்.

புரோகிராமில் ‘ஏரி’ என்று ஒரு பொருள். அதற்குள் எட்டுப் பெயர்கள். லெவல், ரெயின் மாதிரி ஏழு, வெறும் எண்கள். கடைசியில் லிஃப்ட். அது எண் இல்லை, செயல். கூப்பிட்டால் மதகுப் பலகை மேலேறும். எல்லாவற்றையும் வரிசையாக அச்செடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார் சார்.

19-1-89
அச்செடுத்தேன். ஏழு வரி வந்தது, எட்டாவது காலி. அப்படியே கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

20-1-89
அறுத்துப் போட்ட நெல்லெல்லாம் தண்ணீரில் கிடக்கிறது. மதகு திறந்திருந்ததாம். தண்ணீர் திறக்கும் கம்புகட்டி கன்னியப்பன்தான். முந்தின நாளே ஊருக்குத் தமுக்கு அடிக்காமல் அவர் திறந்ததே இல்லை.

“தமுக்கு அடிக்காம யாருக்குடா திருட்டுத்தனமா தொறந்து வுட்ட?” நெல்லைப் பறிகொடுத்த வரதன் அவர் சட்டையைப் பிடித்தார்.

“நா தொறக்கல நைனா. திருமுக்கூடல்ல பொண்ணு வூட்ல இருந்தேன்.”

யாரும் நம்பவில்லை.

எட்டாவது வரி. ஐயோ, எட்டாவது வரி!

21-1-89
அச்செடுக்க நான் எழுதிய புரோகிராமைத் திரும்பப் படித்தேன். எண்ணா, செயலா என்று பார்க்கவே இல்லை. எல்லாப் பெயரையும் கூப்பிட்டிருக்கிறேன், லிஃப்ட்டையும்.

சாரிடம் சொன்னேன். “வாயத் தொறக்காதே ஞானசுந்தரி. திட்டமும் போயிடும், உன் வேலையும் போயிடும்” என்றார். நாளைக்கு ஊர்க்கூட்டம். கன்னியப்பனை நீக்கப் போகிறார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது?



22-1-89
கூட்டத்தில் எழுந்து நின்றேன். “அவர் இல்ல... நான்தான்.”

“இன்னா பொண்ணு ஒளர்றே?”

நம்பாதவர்களை மதகடியில் நிற்க வைத்துவிட்டு, அதே புரோகிராமை மறுபடி ஓட்டினேன். ஏழு வரி. பிறகு வெளியே கூச்சல். ஆள் தொடாமல் பலகை மேலேறியிருக்கிறது. கன்னியப்பனே ஓடிவந்து இறக்கினாராம்.

24-1-89
இப்போது ஒவ்வொரு பெயரும் செயலா என்று முதலில் சோதிக்கிறது. செயலென்றால் கூப்பிடாமல் பெயரை மட்டும் அச்சடிக்கிறது. நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். நாற்பது தடவையும் மதகு தெரியும் ஜன்னலுக்கு ஓடினேன். பயம் போகவில்லை.

27-1-89
மாதக் கடைசியோடு வேலை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது.

சாயங்காலம் கன்னியப்பன் தோளில் தமுக்கோடு ஆபீஸ் வாசலில் நின்றார்.

“யம்மா, நவரை நடவுக்கு நாளிக்கு மதகு தொறக்கிறேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு வரேன். உன் மிசினுக்கும் ஒரு வார்த்த சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். இன்னும் நாலு நாள்தான் நான் இங்கே என்பதைச் சொல்லவில்லை.