டம்மியாக நின்ற அண்ணனுக்கு

அண்ணே,

காலையில் தெருமுனையில் மைதா பசை காய்ச்சும் வாடை வந்தது. மயில்துத்தம் போட்ட அதே வாடைதான். தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். இங்கே சிதம்பரத்தில் ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு போஸ்டர் ஒட்டுகிறார்கள். எனக்கோ நம் ஊர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஊராட்சித் தலைவர் பதவிக்கு இடைத்தேர்தல் அறிவித்திருக்கிறார்கள். காலியாகக் கிடக்கும் அந்த இடம் உன்னுடையது. நீ செத்துப்போனதால் வந்த தேர்தல் இது. இதை எழுதுவது கோபத்திலா துக்கத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

நீ தலைவரான கதையை நினைத்தால் இப்போதும் முதலில் சிரிப்புதான் வருகிறது. நாட்டில் எல்லா இடத்திலும் உள்ளாட்சித் தேர்தல் என்றால் கொடியும் மைக்கும் கூச்சலுமாக இருக்கும். நம் கடலோரத்தில் ஓட்டுப்பெட்டிக்கு வேலையே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடி ஒருவர் பெயரைச் சொல்வார்கள். அவர் மனு போடுவார், போட்டியில்லாமல் ஜெயிப்பார். அவருக்குத் துணையாக ஒரு டம்மி மனுவும் போட்டு, பிறகு வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். 2011-இல் அவர்கள் சொன்னது விசைப்படகுக்காரர் பெயரை. டம்மிக்கு எந்த வம்புக்கும் போகாத, வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டுகிற ஆள் தேவைப்பட்டான். நம் ஊரில் அப்படி அகப்பட்டது நீ ஒருத்தன்தான்.

மனு போடப் போகும்போது நான் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாயாம். திரும்பி வந்து எனக்கு போன் பண்ணி, “நான் சும்மா டம்மிதான் பாப்பா, ஆனா சட்ட சூப்பரா இருக்குன்னு ஆபீசுல எல்லாரும் சொன்னாங்க” என்றாய். தலைவரே என்று உன்னைக் கிண்டல் பண்ணினேன். வெட்கப்பட்டுக்கொண்டு போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டாய்.

மனுக்களைப் பரிசீலித்த அன்றுதான் கூத்து நடந்தது. விசைப்படகுக்காரர் பேரில் ஊராட்சியின் சாலை கான்ட்ராக்ட் ஒன்று இருந்திருக்கிறது. கான்ட்ராக்ட் எடுத்தவர் நிற்கக்கூடாது என்று அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஊரே கூடி யோசித்து முடிவெடுத்ததில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. மிஞ்சியது உன் மனு மட்டும். நீயே ஜெயித்துக்கொள், கொஞ்ச நாள் கழித்து ராஜினாமா பண்ணிவிடு, இடைத்தேர்தலில் அவரைக் கொண்டுவந்துகொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நீயும் தலையாட்டினாய். ஒரு ஓட்டுகூட வாங்காமல் தலைவராகிவிட்டாய்.

அந்த வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் வந்திராவிட்டால் நீ சொன்னபடி எழுதிக் கொடுத்திருப்பாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. புயலில் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் ஊர் இருட்டில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி மோட்டாருக்கு எங்கேயோ அலைந்து ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்தாய். காலையில் நம் தெருக்களுக்கு, சாயங்காலம் ஊராட்சியின் கடைசியில் இருக்கும் காலனிக்கு என்று முறை வைத்தாய். அதுவரைக்கும் காலனிக்காரர்கள் நம் தெருவெல்லாம் பிடித்து முடித்த பிறகு சொட்டுகிற தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுக்குத் தனி முறையா என்று ஊர் கொதித்தது. சாயங்காலத் தண்ணீரை நிறுத்து, இல்லையென்றால் இப்போதே ராஜினாமா பண்ணு என்றார்கள்.

கோயில் வாசலில் நின்று நீ சொன்ன பதிலை அண்ணி எனக்கு அப்படியே சொன்னார்: “நீங்க என்ன டம்மியாத்தான் அனுப்புனீங்க, இல்லேங்கல. ஆனா தண்ணி கேட்டு வந்து நிக்கிறவங்களுக்கு நான் நெசத் தலைவரு. அவுங்கள எப்படிப் போங்கன்னு சொல்றது?” அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது.

பொங்கல் கழித்து ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். உன் வீட்டோடு யாரும் பேசக்கூடாது, பேசினால் தண்டம். கடையில் சாமான் கிடையாது, உன் படகில் ஒருத்தரும் ஏறக்கூடாது. உன்னைப் போய்ப் பேசவிடாமல் வைத்தார்களே. ஒரு கூறு நெத்திலி வாங்க வந்தவரிடம் அவர் மாமியார் ஊர் வரைக்கும் விசாரிக்கிற ஆள் நீ. பேச்சு இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது. அப்போதிருந்து தினமும் எனக்கு போன் பண்ண ஆரம்பித்தாய். என்ன குழம்பு, ஜாக்கெட் ஆர்டர் ஜாஸ்தியா, மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று கேட்பாய். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. இங்கே வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன். “நான் வந்துட்டா சாயங்காலம் மோட்டாரு யாரு போடுவாங்க?” என்று கேட்டாய்.

புயலுக்குப் பிறகு முகத்துவாரத்தில் மணல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முந்தின நாள் படகு போன வழியில் மறுநாள் திட்டு விழுந்து கிடக்கும். முன்னால் போகிற படகுக்காரர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வழியைச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதை நம்பித்தான் போகிறார்கள். மாசி மாதத்தில் அன்று காலை நீ தனியாக உன் ஃபைபர் படகை ஓட்டிக்கொண்டு போனாய். புதிதாகத் திட்டு விழுந்த பக்கமாகவே போனாய். அங்கே அலை உடைந்து படகைக் கவிழ்த்துவிட்டது.

உனக்குப் பக்கத்தில் போன படகில் அண்ணியின் தம்பி இருந்தான். காரியம் முடிந்த பிறகு என் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். “தெக்கால திட்டு விழுந்திருக்கு, வடக்கால ஏறு மாமான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சிக்கா. சுத்தி நம்ம ஊரு படகுங்க. முழுங்கிட்டேன்” என்றான். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவும் முடியவில்லை, உள்ளே வா என்று கூப்பிடவும் முடியவில்லை.

இப்போது மறுபடியும் கோயிலில் கூடி விசைப்படகுக்காரர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கான்ட்ராக்டெல்லாம் முடிந்துவிட்டதாம். போன வாரம் அண்ணியிடம் வந்து டம்மி மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். வரியெல்லாம் சரியாக இருக்கிற வீடு உங்கள் வீடுதான் என்றார்களாம். அண்ணி கதவைச் சாத்திவிட்டார். நான் பஸ் பிடித்துப் போய் அவரை இங்கே கூட்டிவந்துவிட்டேன். காலனிக்குச் சாயங்காலத் தண்ணீர் நின்று ரொம்ப நாளாகிறது.

இதையெல்லாம்கூட நான் எப்படியாவது சகித்துக்கொள்வேன் அண்ணே. உன்னைக் கரைக்குக் கொண்டுவந்த அன்று கேட்டதைத்தான் சுமக்க முடியவில்லை. தினமும் உன்னோடு பேசியவள் நான். அன்றைக்கு உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவு விழுந்தால் கட்டுப்பாடு முடிந்துவிடும் என்பது நம் ஊர் வழக்கம். கோயில் மைக்கில் அதைச் சொன்னதும் ஊரே நம் வாசலுக்கு வந்தது. மாமா, மச்சான், பெரியப்பா என்று முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். விசைப்படகுக்காரர் மாலையைப் போட்டுவிட்டு, தலைவரே என்று உன் முகத்தைப் பார்த்து அழுதார். உன் பக்கத்தில் படகு ஓட்டிப் போனவர்கள் மாரில் அடித்துக்கொண்டு உன்னைக் கூப்பிட்ட சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்டது. அத்தனை பேருக்கும் குரல் இருந்திருக்கிறது, அண்ணே.